இடுப்புச் சுற்றும் மறதியும்: நாற்பது வயதிலேயே பார்க்க வேண்டிய கணக்கு

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வேலைநாள், காணி, வீடு. சங்கக் கூட்டம் என்றால் நாங்கள் பேசுவது இவற்றைத்தான். இன்றைக்கு எடுத்துக்கொண்ட விடயம் கொஞ்சம் வேறு. நாங்கள் சாப்பிடும் சாப்பாடும் வயிற்றில் சேரும் கொழுப்பும் வயதான காலத்தில் எங்கள் மூளையை என்ன செய்கின்றன என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. முடிவில் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

எந்த டிவிசனை எடுத்தாலும் ஒரு லயத்திலாவது இப்படி ஒருவர் இருப்பார். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த அம்மாயி, இன்றைக்குச் சொந்தக் காம்பரா எது என்று தெரியாமல் அடுத்த லயத்து வாசலில் நிற்பார். சாப்பிட்டு முடித்த கையோடு "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்பார். வீட்டில் இருப்பவர்கள் வேலைக்குப் போக வேண்டும். ஒருவர் நின்றுவிட்டால் அவருடைய பேர் போய்விடும். பெரும்பாலும் நிற்பது மகள், இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகிற பேத்தி. வகுப்பில் ஒரு பிள்ளை அடிக்கடி வராமல் இருந்தால், காரணம் கேட்கும்போது இந்தக் கதையும் வருகிறது.

இதை "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். சில இடங்களில் பேய் பிடித்தது, செய்வினை என்று சாமி பார்க்கப் போகிறோம். இது ஒரு வருத்தம். மறதி நோய் என்று சொல்லலாம். டிமென்சியா என்பது டாக்டர்கள் சொல்லும் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இது இருந்தது. அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். ஆகவே இது பணக்கார நாட்டு வருத்தம் இல்லை.

இந்த வருத்தம் எழுபது வயதில் வெளியே தெரிந்தாலும் அதற்கான வேலை நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே உடம்புக்குள் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் இன்றைக்கு இங்கே இருக்கும் நடுத்தர வயதுக்காரர்களைப் பார்த்துப் பேசுகிறோம்.

மூளையின் பாரம் எங்கள் உடம்பின் பாரத்தில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போதும் எடுக்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரத்தம். மூளைக்குள்ளே மயிரை விட மெல்லிய இரத்தக் குழாய்கள் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. அந்தக் குழாய்கள் கெட்டால் மூளை பட்டினி கிடக்கும்.

அடுத்தது கொழுப்பு. கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் சேமிப்பு, மூட்டையில் கட்டிவைத்த மா மாதிரி என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1994ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் லெப்டின் என்ற ஒரு சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்புத் திசு. "போதுமான சேமிப்பு இருக்கிறது, சாப்பாட்டை நிறுத்தலாம்" என்று மூளைக்குச் செய்தி சொல்வது அதன் வேலை. கொழுப்பும் ஒரு உறுப்பு மாதிரி வேலை செய்கிறது, மூளையோடு பேசுகிறது என்பது அதற்குப் பிறகுதான் நன்றாக விளங்கியது. கொழுப்பு அளவுக்கு மேல் சேர்ந்தால் லெப்டின் கூடிக்கொண்டே போகும். மூளை அந்தச் செய்தியைக் காதில் வாங்குவதை விட்டுவிடும்.

எல்லாக் கொழுப்பும் ஒன்றில்லை. தோலுக்குக் கீழே, தொடையில், கையில் இருப்பது ஒரு வகை. வயிற்றுக்குள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்வது இன்னொரு வகை. தொல்லை கொடுப்பது இந்த இரண்டாவது வகைதான். இது உடம்பில் அழற்சியை உண்டாக்கும் பொருட்களை விட்டுக்கொண்டே இருக்கும். காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அது ஒரு வாரத்தில் ஆறிவிடும். இந்த அழற்சி ஆறுவதில்லை. வலியும் இல்லை. வருஷக்கணக்காக இரத்தக் குழாய்களை அரிக்கிறது. இன்சுலின் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போகிறது. சீனி வருத்தம் வருகிறது, பிரஷர் கூடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து மூளையின் சின்னக் குழாய்களைக் கெடுக்கின்றன. இன்சுலின் மூளைக்கும் தேவையான ஒன்று. புதிய விடயத்தை நினைவில் பதிக்கும் பகுதிக்கும் அது உதவுகிறது. அதனால்தான் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது.

அமெரிக்காவில் வட கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு நடந்தது. 1964க்கும் 1973க்கும் இடையில் 40 முதல் 45 வயது வரையான 6,583 பேரின் வயிற்றின் பருமனை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். சராசரியாக 36 வருஷங்கள் கழித்து அவர்களில் யார் யாருக்கு மறதி நோய் வந்தது என்று பார்த்தார்கள். 2008ஆம் ஆண்டு முடிவு வெளியானது. வயிறு மிகவும் பெருத்திருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகவும் ஒட்டியிருந்த ஐந்தில் ஒரு பங்கினரை விடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அபாயம் இருந்தது. உடம்பின் மொத்தப் பாரம் சரியாக இருந்து வயிறு மட்டும் தள்ளியிருந்தவர்களுக்கும் அபாயம் கூடுதலாகவே இருந்தது.

"நாங்கள் மெலிந்த ஆட்கள். மலை ஏறி இறங்குகிறோம். கொழுந்துக் கூடையைத் தூக்குகிறோம். எங்களுக்கு எங்கே கொழுப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தெற்காசிய மக்களின் உடம்பு ஒரு விதமானது. கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள் சேரும். இந்தியாவில் பூனா நகரத்தில் டாக்டர் யாஜ்னிக் என்பவரின் குழுவினர் கிராமத்துத் தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகளை விடப் பாரம் குறைவு. தசையும் குறைவு. ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்கு நல்ல சாப்பாடு இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளை தசையை வளர்க்காமல் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை பிற்காலத்தில் மாவும் சீனியும் நிறையச் சாப்பிட்டால் சீனி வருத்தம் சீக்கிரம் வருகிறது.

எங்கள் நிலைமையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது நூற்றுக்கு கிட்டத்தட்ட 32. ஆகவே இன்றைக்குப் பிள்ளைத்தாய்ச்சியின் தட்டில் முட்டை இருக்கிறதா, பருப்பு இருக்கிறதா என்பது, அறுபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளையின் உடம்பும் மூளையும் எப்படி இருக்கும் என்பதையும் தொடும் கேள்வி.

சரி, எவ்வளவு இருந்தால் வயிறு பெருத்தது என்று சொல்வது? தையல் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், கிட்டத்தட்டத் தொப்புள் மட்டத்தில், மூச்சை வெளியே விட்டுவிட்டு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை. அதற்கு மேல் போனால் பிரஷரையும் சீனியையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் அடுப்பங்கரைக்கு வருவோம். முதலாவது சீனி. காலை எழுந்ததும் ஒரு தேத்தண்ணி. பிரட்டுக்குப் போகுமுன் ஒன்று. பத்து மணிக்கு ஒன்று, பகல் ஒன்று, வேலை விட்டு வந்து ஒன்று, இரவு ஒன்று. ஆறு கோப்பை. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் வைத்தால் 48 கிராம். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு குடிப்பவர்களுக்கு இன்னும் கூடும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட், பணிஸ், சோடா எதையும் தொடாமலே, தேத்தண்ணியிலேயே எங்கள் அளவு முடிந்துவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்குப் பழகியதும் இன்னும் அரைக் கரண்டி. தேயிலைக்கென்று ஒரு ருசி இருக்கிறது. அதை உலகத்துக்கே கொடுக்கும் நாங்கள்தான் சீனியால் மூடி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது கோதுமை மா. காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி. இதற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. விடியும் முன் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்கு ஓடும் ஒரு தாய்க்கு ரொட்டிதான் கைகொடுக்கும். பசியும் தாங்கும். ரொட்டியை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் அது வாழ்க்கை தெரியாத பேச்சு. கறியை மாற்றலாம். வெறும் சம்பலுக்குப் பதில் பருப்பு, அவித்த கடலை, பயறு, ஒரு பிடி கீரை. ரொட்டி இரண்டு குறைந்தாலும் வயிறு நிற்கும். வெள்ளை மா சீக்கிரம் சீனியாக மாறும், பருப்பும் கீரையும் அந்த வேகத்தைக் குறைக்கும்.

மூன்றாவது எண்ணெயும் மீனும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிக்க வேண்டாம். மூளை கட்டப்பட்டிருப்பதிலேயே கொழுப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதில் ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பு மீனில் கிடைக்கிறது. அதற்குப் பெரிய மீன் தேவையில்லை. சாளை, சூடை, நெத்தலி, டின் மீன் போதும். கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் சமையுங்கள். உப்பு ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது. உப்புக் கூடினால் பிரஷர், பிரஷர் கூடினால் மூளைக்குக் கேடு. அமெரிக்காவில் 9,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஒரு பரிசோதனையில், பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நினைவாற்றல் குறைவு வருவதும் குறைந்தது என்று 2019இல் தெரியவந்தது.

கீரை எங்கள் வீட்டைச் சுற்றியே இருக்கிறது. வல்லாரை, பொன்னாங்கண்ணி, பூசணி இலை. வல்லாரை சாப்பிட்டால் மறதி போய்விடும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் கீரையாக அது நல்ல சாப்பாடு. மருந்து அடித்த தேயிலை மலையிலும் கான் ஓரத்திலும் மட்டும் பறிக்க வேண்டாம்.

அற்புத மருந்து, அற்புதக் கீரை என்று ஒன்று கிடையாது. மூளைக்கு நல்லது என்று சொல்லப்பட்ட ஒரு சாப்பாட்டு முறையை அமெரிக்காவில் 604 பேரிடம் மூன்று வருஷம் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்ட மற்றக் குழுவுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடம் இரண்டு வருஷம் இன்னொரு முறையைப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர் சீனிக் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். அவர்களுடைய மூளைத் திறன் மற்றவர்களை விடக் கூடுதலாக முன்னேறியது. 2015இல் வெளியான முடிவு அது. சாப்பாட்டோடு மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் எங்களுக்குப் பாடம்.

மற்றவை என்னென்ன? 2024ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ சஞ்சிகையின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அத்தனையையும் சரிசெய்தால் உலகில் இந்த நோயில் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்றது. உடம்புப் பருமன், சீனி வருத்தம், பிரஷர், கெட்ட கொலஸ்ட்ரோல், உடம்பு அசையாமல் இருப்பது, புகை பிடிப்பது, மிதமிஞ்சிய குடி ஆகியவை அதில் இருக்கின்றன. தலையில் அடிபடுவது, கவனிக்காமல் விட்ட காது, கண் குறைபாடு, மனச்சோர்வு, தனிமை ஆகியவையும் இருக்கின்றன. அவற்றோடு காற்று மாசும் படிப்புக் குறைவும் இருக்கின்றன.

கடைசி இரண்டையும் யோசித்துப் பாருங்கள். புகைபோக்கி இல்லாத லயத்து அடுப்பங்கரையில் விறகுப் புகையை யார் சுவாசிப்பது? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக்குப் போனது யார்? எங்கள் தாய்மாரும் அம்மாயிமாரும்தான். படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்பு. சின்ன வயதில் சேர்த்தது முதுமையில் உதவும். பிள்ளையை ஓ.எல். பரீட்சை வரையாவது படிக்க வையுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் மன்றாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிய குடி மூளையை நேரடியாகவே கெடுக்கும். சாப்பிடாமல் குடிப்பவர்களுக்கு பி1 என்ற விற்றமின் குறைந்து நினைவே அழிந்துபோகலாம். கசிப்பு, சாராயம் எதுவானாலும் இதுதான் கதை.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்குப் போகும் வரை சாப்பிட்டது செரிந்தது. வேலை நின்ற பிறகும் அதே ரொட்டி, அதே சீனி என்றால் வயிறு போடும். தினமும் அரை மணி நேரமாவது நடங்கள். அதேபோல, எழுபது வயதுக்கு மேல் காரணமில்லாமல் உடம்பு மெலிந்துகொண்டு போனால் அதை நல்லது என்று எண்ண வேண்டாம். மறதி நோய் தொடங்கும்போது சிலருக்கு அப்படியும் ஆகும். டாக்டரிடம் காட்டுங்கள்.

சாவியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் நடக்கும். பழகிய வழி தெரியாமல் போவது, ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்பது, காசை எண்ணத் தடுமாறுவது, அடுப்பை அணைக்க மறப்பது, குணமே மாறுவது என்றால் காட்டத்தான் வேண்டும். எல்லா மறதியும் தீராத வருத்தமும் இல்லை. பி12 விற்றமின் குறைவு, தைரொயிட் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. திடீரென்று வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. 1990 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

மறதி உள்ள ஒரு முதியவரிடம் எந்தக் கடதாசியிலும் யாரும் கைநாட்டு வாங்க விட வேண்டாம். ஈ.பி.எப். காசாக இருந்தாலும் வீட்டுக் காணியாக இருந்தாலும் வீட்டாரும் தோட்டத் தலைவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "நல்லதைச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி நாங்கள் உட்கார்ந்துவிட முடியாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசிக் கணக்கில் உணவு விலை, முந்திய வருஷத்தை விட நூற்றுக்கு 95 பங்கு அளவுக்கு ஏறியிருந்தது. அந்த நேரம் பல வீடுகளில் முட்டையும் மீனும் தட்டில் இருந்து போயின. காசில்லாதவனின் தட்டில் மாவும் சீனியும்தான் மிஞ்சும். சம்பளப் பேச்சுவார்த்தை சாப்பாட்டுப் பேச்சுவார்த்தையும்தான்.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் இந்த ஐந்து கோரிக்கைகளையும் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, 40 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வருஷத்தில் இரண்டு தரம் தோட்டத்திலேயே பிரஷரும் சீனியும் இடுப்புச் சுற்றும் பார்க்க வேண்டும். கிளினிக் நாளில் யாருக்கும் பேர் வெட்டக் கூடாது.

இரண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரக்கறி போட ஒரு துண்டு நிலம் வேண்டும். மருந்து அடிக்கும் இடத்துக்கு அது தள்ளியிருக்க வேண்டும்.

மூன்று, பிள்ளைக் காம்பராவில் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் போதாது. முட்டை, பயறு, கீரை வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிமாருக்கும் அப்படியே.

நான்கு, திருத்தும் லயத்திலும் கட்டும் வீட்டிலும் புகைபோக்கி உள்ள அடுப்பு வேண்டும்.

ஐந்து, ஓய்வு பெற்றவர்கள் வாரம் ஒரு தரமாவது கூடிப் பேச, பத்திரிகை வாசிக்க, சுகம் விசாரிக்க ஒரு இடம் வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட எங்கள் உயர்வகுப்பு மாணவர்கள் வருவார்கள். அதற்கு ஆசிரியர்கள் நாங்கள் பொறுப்பு.

நான்கு கோரிக்கைகளுக்கு நிர்வாகத்தோடும் அரசாங்கத்தோடும் பேச வேண்டும். ஐந்தாவதை நாங்களே தொடங்கலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிசனில் இருந்தும் மூன்று விபரங்கள் கொண்டுவாருங்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர்? கடந்த ஒரு வருஷத்தில் பிரஷர் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மறதியோடு வீட்டில் இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பார்த்துக்கொள்வது யார்? இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் மேசையில் உட்கார்ந்து பேச முடியும்.

டேப் ஒன்று மேசையில் இருக்கிறது. தேத்தண்ணி குடிக்கப் போகுமுன் அளந்துவிட்டுப் போங்கள். சீனி வேறாக வைத்திருக்கிறோம்.